தண்ணீர் நிற்காத ஊரில் தீ

வைக்கோல் படப்பில் பிடித்த தீயை அணைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தண்ணீரின் கையாலாகாத்தனம் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூர், குஜிலியம்பாறை, வடமதுரைப் பக்கம் கோடை பிறந்துவிட்டால் இது புதிய செய்தியல்ல. வைக்கோலோ சோளத்தட்டையோ ஏற்றிய வண்டி தாழ்வாகத் தொங்கும் மின்கம்பியில் உரசும்; அல்லது களத்தோரம் யாரோ பீடித்துண்டை வீசியிருப்பார்கள். தீயணைப்பு வண்டி வந்து குழாயைத் திருப்பும். மேலே தெரியும் தழல் பொசுக்கென்று அடங்கும். பீய்ச்சிய தண்ணீரெல்லாம் படப்பின் சரிவில் வழிந்து அடியில் சேறாகும். கூட்டம் கலையும்போது நடுவிலிருந்து மறுபடியும் புகை கிளம்பும். கடைசியில் கடப்பாரையோ ஜேசிபியோ கொண்டுவந்து படப்பைப் பிரித்துப் போட்டு, பிரித்த ஒவ்வொரு கட்டையும் நனைத்தால்தான் வேலை முடியும்.

தண்ணீரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மழை உள்ளே இறங்காமல் வழிந்தோட வேண்டும் என்பதுதான் படப்பு போடுகிறவரின் கைத்திறன். தாளை எந்தப் பக்கம் சாய்ப்பது, உச்சியை எப்படிக் கூம்பாக்குவது என்பதெல்லாம் அதற்காகத்தான். கார்த்திகை மழையைத் தள்ளிவிடும் படப்பு, சித்திரையில் தீயணைப்பு வீரரின் தண்ணீரையும் அதே நேர்த்தியோடு தள்ளிவிடுகிறது. ஓலை வேய்ந்த கூரையின் கதையும் இதுவே. நல்ல கூரை என்றால் ஒழுகாத கூரை. ஒழுகாத கூரையில் தீ பிடித்தால் வெளியே ஊற்றும் தண்ணீர் உள்ளே எரியும் ஓலையைத் தொடாது.

கணக்குப் போட்டால் நட்டம் இன்னும் தெளிவாகத் தெரியும். 30 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 290 கிலோஜூல் வெப்பம் போதும். கொதிக்கும் அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க இன்னும் 2,257 கிலோஜூல் வேண்டும். தீயிடமிருந்து தண்ணீர் வெப்பத்தைப் பிடுங்குவது பெரும்பாலும் ஆவியாகும்போதுதான். சூடாகி, ஆவியாவதற்குள் கீழே ஓடிவிட்ட தண்ணீர் தன்னால் முடிந்ததில் எட்டில் ஒரு பங்கைக்கூடச் செய்யவில்லை. தண்ணீர் வற்றாத ஊரில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, இன்னும் நாலு குடம் ஊற்றலாம். ஆண்டுச் சராசரி மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும் திண்டுக்கல் சமவெளியில் அந்த நாலு குடத்துக்கு எங்கே போவது?

தண்ணீரை எரிகிற பொருளின்மேல் எப்படி நிற்கவைப்பது என்ற கேள்வி அதனால்தான் இந்த வட்டாரத்துக்குப் பழையது. இன்று வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில், சூடு பட்டதும் இறுகி நுண்துளை நுரையாக மாறும் ஹைட்ரோஜெல்களைத் தயாரிக்கிறார்கள். அவர்கள் விடை தேடுவதும் அதே கேள்விக்குத்தான்.

*

திண்டுக்கல் என்றதும் கண்ணில் படுவது பாறை. 1605-ல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் அதன்மேல் கோட்டை எழுப்பினார். 1755-ல் மைசூரின் சார்பில் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக, அதாவது படைத்தலைவராக, வந்து, பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு படைக்கலச் சாலை அமைத்தார். பிறகு கோட்டை கைமாறிக் கைமாறி, 1790-ல் ஆங்கிலேயக் கர்னல் ஸ்டூவர்ட்டின் படையிடம் விழுந்தது. 1792 உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலையாகப் போனது. மேலே ஏறிப் பார்ப்பவர்கள் பீரங்கி மேடையையும் வெடிமருந்து அறையையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். பாறையில் மழைநீர் தேங்கும் சுனைகளையும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஆற்றுநீரோ ஊற்றோ இல்லாத மொட்டைப் பாறையில் ஒரு காவற்படை, பக்கத்திலேயே வெடிமருந்து. கையிருப்பில் உள்ள தண்ணீர் போன மழைக்காலத்தில் பெய்தது மட்டும். வெடிமருந்தில் தீ பிடித்தால் எந்தச் சுனையாலும் ஆகப்போவதில்லை. பிடிக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அந்த அறையின் தடித்த சுவரும் தனிமையும்.

கீழே ஊரோ எரியக்கூடிய பொருள்களை வைத்தே பிழைத்தது. சமவெளியின் புகையிலை இங்கே சுருட்டானது; ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டு ஆலை திண்டுக்கல்லின் பெயரை லண்டன் வரை கொண்டுபோனது. நாகல் நகரில் நெசவு. பேகம்பூரில் தோல். 1875-ல் திருச்சியையும் மதுரையையும் இணைத்த ரயில் பாதை ஊர் வழியாகப் போனபோது, நெருப்புப் பொறி கக்கும் நீராவி எஞ்சினும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. நகராட்சி அதற்கு முன்பே, 1866-ல், அமைந்துவிட்டது. சென்னைக்கே முறையான தீயணைப்புப் படை 1908-ல்தான் வந்தது என்றால், மாகாணத்தின் மற்ற ஊர்களில் தீயை அணைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தார்தான்.

அவர்களிடம் இருந்த கருவிகளுக்கு வயது அதிகம். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் நகரக் காவலைப் பற்றிப் பேசும் இடத்தில் கோடைத் தீக்கென்றே விதிகள் சொல்கிறது. தண்ணீர்க் குடம், ஏணி, கோடரி, கூரையைப் பிடித்திழுக்கும் கொக்கி, தோல்பை எல்லாம் வீட்டுக்காரர் வைத்திருக்க வேண்டும் என்கிறது. இவற்றில் தோல்பைக்குத் திண்டுக்கல்லில் பஞ்சமே இல்லை. கிணற்றிலிருந்து கமலை இறைக்கும் சாலுக்குத் தோலால் செய்த வால் உண்டு; பதனிட்ட மாட்டுத்தோல் இல்லாமல் இந்தப் புஞ்சைக்காட்டுக் கிணறுகளில் விவசாயம் இல்லை. படையோடு போன எருதுகளின் இருபுறமும் தொங்கியது தோல்பைத் தண்ணீர்தான்.

கொக்கி கொஞ்சம் வம்பான கருவி. எரிகிற வீட்டைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்ததும் காற்று வீசும் திசையில் அடுத்த வீட்டுக் கூரையைப் பிரித்துவிட வேண்டும். தீ தாண்டாது. ஆனால் யார் வீட்டுக் கூரை? தீயே பிடிக்காத வீட்டை நாலு பேர் ஏறிப் பிரித்தால், தீ தாண்டாமல் போன பிறகு அந்த நாலு பேரை வீட்டுக்காரர் என்ன சொல்லுவார்? ஆடிக் காற்றில் ஒரு தெருவே போவதற்கு, தண்ணீர்ப் பஞ்சத்தோடு இந்தத் தயக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

கூரையைப் பிரிக்க மனமில்லாதவர்கள் செய்தது வேறு. சாக்கை நனைத்துக் கூரைமேல் விரிப்பார்கள். சேற்றைக் குழைத்து அப்புவார்கள். எரியும் குப்பைமேல் மண்ணள்ளிப் போடுவார்கள். தோட்டத்தில் வாழை நின்றால் வெட்டித் தீயின்மேல் தள்ளுவார்கள். வாழைத்தண்டின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான், அந்தத் தண்ணீர் வழிந்தோடாமல் நாரின் அறைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. ஈரச் சாக்கும் அதேபோல் சணல் இழைகளுக்கிடையே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. இன்றைக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஒத்திகை காட்ட வரும் தீயணைப்பு நிலையத்தார், சமையல் எரிவாயு சிலிண்டரில் தீ பிடித்தால் ஈரச் சாக்கைப் போர்த்தி அணைக்கலாம் என்று செய்து காட்டுகிறார்கள். குடத்துத் தண்ணீரை வீசினால் அரை நொடி. சாக்கில் ஏற்றினால் பல நிமிடம். இதை யாரும் அறிவியல் என்று சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

*

மலையில் நிலைமை வேறு. மேற்கே பழனி மலைத்தொடர், கிழக்கே சிறுமலை. நடுவில் அகப்பட்ட சமவெளிக்கு மழையும் ஆறும் தேனும் விறகும் அங்கிருந்துதான் வந்தன. 1882-ன் சென்னை வனச் சட்டம் ஒதுக்கப்பட்ட காடுகளில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. அதுவரை புதுப்புல் முளைக்கட்டும் என்று மேய்ப்பவர்கள் காய்ந்த புல்லைக் கொளுத்துவதும், தேனெடுப்பவர்கள் புகைப் பந்தத்தோடு பாறை இறங்குவதும் சாதாரணம். சட்டம் வந்த பிறகு கொளுத்துவது திருட்டுத்தனமாயிற்று. திருட்டுத்தனமாக வைத்த தீயை நின்று பார்த்துக் கட்டுப்படுத்த ஆள் இருக்காது என்பதை வனத்துறை மெல்லத்தான் புரிந்துகொண்டது.

காட்டுத்தீயைத் தண்ணீரால் அணைப்பது என்ற எண்ணமே அந்த மலைகளில் எடுபடவில்லை. ஒரு குடம் தண்ணீரைச் சரிவில் ஏற்றுவதற்குள் தீ அடுத்த முகட்டில் நிற்கும். தை, மாசியில் புல்லையும் சருகையும் நீண்ட பட்டையாகச் சுத்தம் செய்து தீத்தடுப்புக் கோடு போடுவார்கள். தீ வந்துவிட்டால் பச்சைத் தழையை ஒடித்து, ஓரத்தில் நின்று அடித்தே அணைப்பார்கள். முடியாதபோது, முன்னால் போய் எதிர்த்தீ வைப்பார்கள். இந்த வேலைக்கு வனத்துறை அமர்த்தும் தீத்தடுப்புக் காவலர்களில் பளியர் பழங்குடியினர் பலர். அவர்கள் கையில் உள்ள பச்சைத் தழையும் தண்ணீர்தான், இலைக்குள் கட்டிவைத்த தண்ணீர்.

பழனி மலையின் உச்சியில் இயற்கையே இந்தப் பாடத்தைக் கண்முன் வைத்திருந்தது. மேட்டில் புல்வெளி, மடிப்புகளில் சோலை. புல் எரியும், சோலையின் விளிம்பில் தீ பெரும்பாலும் நின்றுவிடும். பாசியும் மக்கிய இலையும் பஞ்சுபோன்ற கருமண்ணும் மழைநீரை உறிஞ்சி மாதக்கணக்கில் வைத்திருப்பதால் சோலைக்குள் ஈரம் வற்றுவதில்லை. அந்தப் புல்வெளிகளில் சீகை, தைலமரம், பைன் என்று அந்நிய மரங்களை வரிசை வரிசையாக நட்டது போன நூற்றாண்டின் வேலை. பைன் சருகும் தைலமர இலையும் எப்படி எரியும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. 2024 ஏப்ரல் இறுதியில் கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் நாள்கணக்கில் எரிந்தபோது, கோடைக்கு வந்த வண்டிகளைப் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2018 மார்ச் 11 அன்று, பக்கத்துத் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குப் போன குழுவினரைத் தீ வளைத்தது. 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் காற்றோடு ஏறிய தீ அது. விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன, காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்ல. 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டில் தீ பிடித்தபோது சூலூரிலிருந்து வந்த ஹெலிகாப்டர் வாளி கட்டித் தண்ணீர் மொண்டு ஊற்றியது. பார்க்கப் பிரமாதமான காட்சி. ஆனால் உயரத்திலிருந்து கொட்டும் வெறும் தண்ணீர் காற்றில் சிதறும். வெக்கையில் ஒரு பங்கு இலையைத் தொடுவதற்குள் ஆவியாகும். மிச்சம் இலையிலிருந்து சொட்டி இறங்கிவிடும். படப்பில் நடப்பதுதான் மலையிலும் நடக்கிறது.

*

வானத்திலிருந்து தண்ணீர் கொட்டும் நாடுகள் இதை வெகு முன்பே பார்த்துவிட்டன. 1950-களின் நடுவில் கலிபோர்னியாவில் சிறு விமானங்களில் போராக்ஸ் வகை உப்பைக் குழம்பாக்கிக் கொட்டத் தொடங்கினார்கள். தீ அடங்கியது, ஆனால் அந்த மண்ணில் செடி முளைக்கவில்லை. போரேட்டைக் கைவிட்டுப் பெண்டோனைட் என்ற களிமண்ணைக் கரைத்துப் பார்த்தார்கள். நம் ஊரில் கூரையில் அப்பிய சேற்றின் வெள்ளைக்கார உறவினர் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு அம்மோனியம் பாஸ்பேட் உப்பு வந்தது. அது இலையில் ஒட்டுவதற்கு ஒரு பிசின் தேவைப்பட்டது. அவர்கள் எடுத்துக்கொண்ட பிசின்களில் முக்கியமானது, கொத்தவரை விதையின் பசை.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை மூட்டையாக இறங்கும் அதே கொத்தவரைதான். சந்தைக்கு வருவது பிஞ்சுக் காய். பசைக்கு வேண்டியது முற்றிய விதை. விதைக்காக அதைப் பெரும்பரப்பில் விளைவிப்பது ராஜஸ்தான். உலகத்துக் கொத்தவரைப் பசையில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் போகிறது. கலிபோர்னியக் காட்டின்மேல் விமானம் செம்மண் நிறத்தில் ஒரு திரை விரிக்கும் படத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, அந்தத் திரையைச் சிதறாமல் பிடித்திருப்பதில் இந்தியப் புஞ்சைப் பயிர் ஒன்றுக்கும் பங்கு உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

அடுத்த கட்டம் வேறொரு மூலையிலிருந்து வந்தது. அமெரிக்க வேளாண்துறையின் பியோரியா ஆய்வுக்கூடத்தில் மக்காச்சோள மாவுச்சத்தோடு ஒரு பாலிமரை ஒட்டவைத்து, தன் எடையைப்போல் பல நூறு மடங்கு தண்ணீர் குடிக்கும் பொருளை உருவாக்கினார்கள். வறண்ட நிலத்துக்கும் குழந்தைகளின் அணையாடைக்கும் அந்த வகைப் பொருள்கள் போய்ச் சேர்ந்தன. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் செல்லுலோஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பூசா ஹைட்ரோஜெல்லும் இந்தக் குடும்பம்தான். மண்ணில் கலந்தால் பாய்ச்சிய நீரைப் பிடித்து வைத்து வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். 1990-களில் ஃபுளோரிடாவின் தீயணைப்பு வீரர் ஜான் பார்ட்லெட், எல்லாம் எரிந்துபோன ஒரு குப்பைக் குவியலில் ஒரு பொருள் மட்டும் எரியாமல் கிடப்பதைக் கவனித்தார். குழந்தை நனைத்த அணையாடை. அதிலிருந்து அவர் உருவாக்கிய ஜெல்லை வீட்டுச் சுவரிலும் கூரையிலும் முன்கூட்டியே அடித்துவைத்தால், தீ கடந்துபோகும் வரை சுவர் ஈரமாகவே இருக்கும். ஈரச் சாக்கின் வேலையை அணையாடை செய்தது.

இந்த ஜெல்களுக்கு ஒரு குறை உண்டு. தீ வருவதற்கு முன்பே காற்றும் வெயிலும் ஈரத்தைக் குடித்துவிடும். காய்ந்த ஜெல் வெறும் தோல். தவிர, அடிக்கும்போது குழாயில் எளிதாக ஓட வேண்டும், பட்ட இடத்தில் ஒட்டி நிற்க வேண்டும். இந்த இரண்டு குணமும் ஒரே பொருளில் சேருவது கடினம்.

இங்கேதான் சூட்டுக்கு இறுகும் ஜெல்கள் வருகின்றன. பசை என்றால் சூட்டில் இளகும் என்பதே நமக்குப் பழகிய பாடம். பேகம்பூர்த் தோல் கிடங்குகளில் கழித்துக்கட்டிய தோல் துண்டுகளைக் காய்ச்சினால் வஜ்ஜிரம் கிடைக்கும். தச்சர்கள் அதைச் சூடாக்கி உருக்கிப் பலகை ஒட்டுவார்கள், ஆறினால் இறுகும். தீயின்முன் வஜ்ஜிரம் நிற்காது, ஓடிவிடும். இட்லி மாவு இதற்கு நேரெதிர். ஊற்றும்போது ஓடுகிறது, ஆவி பட்டதும் இறுகுகிறது, உள்ளெல்லாம் துளை விழுகிறது, தண்ணீரும் உள்ளேயே இருக்கிறது. வேதியியலாளர்கள் தேடியது இந்தக் குணத்தைத்தான். மெத்தில் செல்லுலோஸ் கரைசலுக்கு இது இயல்பாகவே உண்டு. குளிர்ந்த நீரில் கரையும், 50, 60 டிகிரிக்குச் சூடேறினால் ஜெல்லாகும். ஆய்வுக்கட்டுரைகளில் அதிகம் பேசப்படும் இன்னொரு பாலிமர், நீண்ட பெயர் கொண்ட ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு வகை, 32 டிகிரியிலேயே குணம் மாறிவிடும். குளிர் நாட்டில் அது ஒரு நேர்த்தியான எண். திண்டுக்கல்லில் மே மாதம் நிழலிலேயே அதைவிடச் சூடு; தீயணைப்பு வண்டித் தொட்டிக்குள்ளேயே அது மாறிவிடும். எங்கோ கண்டுபிடித்ததை இங்கே கொண்டுவரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது போன்றதுதான், விலைகூட இரண்டாவது.

2024-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் ஆப்பெலின் குழு வெளியிட்ட ஜெல், காய்ந்துபோகும் சிக்கலைக் குறுக்கே வெட்டிக் கடந்தது. செல்லுலோஸ் வகைப் பாலிமரோடு சிலிக்கா நுண்துகள்கள். தீ பட்டதும் தண்ணீர் ஆவியாகும், செல்லுலோஸ் எரிந்து போகும், எஞ்சிய சிலிக்கா துகள்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு வெண்ணிற நுரையாக நிற்கும். ஏரோஜெல் என்று அதற்குப் பெயர். 1931-ல் சாமுவேல் கிஸ்ட்லர் என்ற அமெரிக்கர் முதன்முதலில் செய்து காட்டிய வகை. அதன் நுண்துளைகளில் அடைபட்ட காற்றால் வெப்பம் எளிதில் ஊடுருவ முடியாது. ஒட்டுப்பலகையில் பூசி எரிவாயுத் தழலைக் காட்டியபோது, அவர்களுடைய சிறந்த கலவை பலகை கருகாமல் 7 நிமிடத்துக்கு மேல் தாங்கியது. கடையில் கிடைத்த வழக்கமான ஜெல் ஒன்றரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. தண்ணீர் தன் வேலையை முடித்துப் போன பிறகும் காவலுக்கு ஏதோ ஒன்று நிற்கிறது என்பதுதான் புதுமை.

*

இதையெல்லாம் திண்டுக்கல் சமவெளியில் எங்கே பூசுவது?

கூரையில் அல்ல. கூரைகளே குறைந்துவிட்டன. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் எரிந்து இறந்த பிறகு பள்ளிகளிலிருந்து கீற்றுக்கொட்டகைகள் இறங்கின. 2010-ல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டம் குடிசைகளைக் கான்கிரீட்டாக்கும் வேலையைத் தொடங்கியது. அதற்கு முன்னும் பின்னும் குடிசை எரிந்தவர்களுக்கு வருவாய்த்துறை கொடுத்த நிவாரணத்தில் அரிசி, வேட்டி, சேலையோடு மண்ணெண்ணெயும் சேர்ந்திருந்தது. விளக்குக்கும் அடுப்புக்கும் வேண்டியதுதான், தர்க்கப்படி சரிதான். ஆனாலும் எரிந்த வீட்டின் வாசலில் மண்ணெண்ணெய் கேன் வாங்கிக்கொண்டு நிற்கும் காட்சியை யோசித்துத்தான் விதி எழுதினார்களா என்று கேட்கத் தோன்றும்.

நூற்பாலைகளில் பூசலாமா? திண்டுக்கல், வேடசந்தூர்ச் சாலைகளின் இருமருங்கும் மில்கள். பஞ்சுப் பேலுக்குள் புகுந்த தீ, படப்புத் தீயின் அண்ணன். இறுக்கிக் கட்டிய பேலின் உள்ளே காற்று குறைவு, ஆகவே தழல் இல்லாமல் கனன்றுகொண்டே இருக்கும். வெளியே நனைத்தாலும் உள்ளே தண்ணீர் போகாது. மறுநாள் வேறு இடத்தில் பிரிக்கும்போது குப்பென்று பிடிக்கும். பேலைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமில் பஞ்சோடு வரும் ஓர் ஆணியோ கம்பித்துண்டோ உருளையில் பட்டு எழுப்பும் பொறிதான் பல தீக்களின் தொடக்கம் என்பதால், மில்காரர்கள் காந்தமும் பொறி கண்டறியும் கருவியும் வைத்து, பொறி தெரிந்த பஞ்சைக் குழாயிலேயே திசைதிருப்பி வெளியே தள்ளுகிறார்கள். ஜெல் இங்கே தீயை அணைக்கப் பயன்படாது. பக்கத்துப் பேல் அடுக்கைக் காக்கப் பயன்படலாம். பழைய கொக்கியின் வேலையை, கூரையைப் பிரிக்காமல், சண்டை வராமல் செய்வதுபோல.

இதற்கு எல்லை உண்டு என்பதையும் ஊர் பார்த்துவிட்டது. 2024 டிசம்பர் 12 இரவு, திண்டுக்கல் திருச்சி சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் தீ பிடித்தது. மேலே ஏறியது புகை. லிஃப்டில் சிக்கியவர்கள் உட்படக் குறைந்தது 6 பேர் இறந்தார்கள், ஒரு குழந்தையும் அதில் உண்டு. அந்த இடத்தில் எந்தப் பூச்சும் எந்த ஜெல்லும் கைகொடுத்திருக்காது. தேவைப்பட்டது புகை புகாத படிக்கட்டும், தீயின்போது லிஃப்டில் ஏறாத பழக்கமும். புதுப் பொருள் ஒன்று கையில் கிடைத்தால் எல்லாத் தீக்கும் அதுவே மருந்து என்று பேசத் தொடங்குவது நமக்குக் கொஞ்சம் கூடுதலான வழக்கம்.

சரியான இடம் மலையடிவாரம்தான் என்று தோன்றுகிறது. காட்டோரத்து மின்மாற்றி, கம்பு நட்ட சோதனைச்சாவடி, பளியர் குடியிருப்பின் கூரை, தீத்தடுப்புக் கோட்டின் இருபக்கத்துப் புல். பங்குனியில் ஒருமுறை அடித்துவிட்டால் காய்ந்தாலும் காக்கும் பூச்சு என்றால், பச்சைத் தழையோடு ஓடுகிற ஆளுக்குச் சில நிமிடங்கள் கிடைக்கும். அமெரிக்கர்கள் கொட்டும் பாஸ்பேட்டை இங்கே அப்படியே கொட்டக் கூடாது. அது அடிப்படையில் உரம். திண்டுக்கல் நகரம் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு, பழனி மலையின் கீழ்ச்சரிவில் உள்ள ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்து வருகிறது. சரிவில் கொட்டியதெல்லாம் ஐப்பசி மழையில் அணைக்குள் இறங்கிப் பாசியாக விளையும். தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த அனுபவம் இந்த ஊருக்கு ஏற்கெனவே போதுமான அளவு உண்டு.

செல்லுலோஸையும் சிலிக்காவையும் பற்றி அந்தப் பயம் குறைவு. உள்ளூரிலேயே இன்னொரு சரக்கும் இருக்கிறது. நத்தம் பக்கத்துப் புளிய மரங்கள் ஆண்டுதோறும் உதிர்க்கும் புளியங்கொட்டையின் மாவு, தறிக்காரர்கள் பாவுக்குப் பசையாக வெகுகாலம் பயன்படுத்திய பொருள். அதில் உள்ள சர்க்கரைச் சங்கிலியிலிருந்து காலக்டோஸ் என்ற பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நொதியால் நீக்கிவிட்டால், அந்தக் கரைசல் சூட்டில் ஜெல்லாகும், ஆறினால் மறுபடி கரையும். ஜப்பானில் புளியங்கொட்டைப் பசையை உணவுத் தொழிலில் பல்லாண்டாகப் பயன்படுத்துகிறார்கள். தீக்கு அதைப் பழக்குவது தனி வேலை. பசை கெட்டுப்போவது அதில் முதல் தலைவலி. காய்ச்சிய பசை இந்த வெக்கையில் இரண்டு நாளில் நாறும், பூஞ்சணம் பிடிக்கும் என்பது தறிக்காரருக்கும் புத்தகம் கட்டுகிறவருக்கும் தெரியும். அதற்காகவே பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார்கள். மயில்துத்தம் என்பது செம்பு உப்பு, மீனுக்கு நஞ்சு. ஆத்தூர் அணைக்கு மேலே தெளிக்கிற பொருளில் அது இருக்கக் கூடாது. கெடாமல் வைக்க வேறு வழி கண்டாக வேண்டும்.